நாளுக்கு ஒரு சொல் போதும்; அதைப் போட்டியாக்கிக் கெடுக்க வேண்டா!



தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றை இணையத்தில் நாள்தோறும் நடத்த வேண்டும் என்னும் பேச்சு நம் ஆசிரியர் வட்டத்தில் எழுந்துள்ளது. நல்ல செய்தி. ஆனால், அதை எப்படி நடத்துவது என்று பேசத் தொடங்கியதுமே மதிப்பெண், தரவரிசை, பரிசுக் கோப்பை, ஆதரவாளரின் சின்னம் எனப் பேச்சு வேறு திசையில் ஓடத் தொடங்கிவிட்டது. அண்மையில் கலந்துகொண்ட ஆசிரியர் கூட்டம் ஒன்றில், “எத்தனை நொடியில் விடை கண்டார்கள் என்று கணக்கிட்டுப் பள்ளிகளை வரிசைப்படுத்தலாம்” என்று ஒருவர் முன்மொழிந்தார். அரங்கில் பலர் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பதை விளக்கவே இந்தப் பதிவு.

முதலில், விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

‘மாஸ்டர்மைண்ட்’ என்னும் பலகைப் புதிரை உங்களில் பலர் அறிந்திருக்கலாம். மொர்தெகாய் மெய்ரோவிட்சு என்பவர் 1970இல் உருவாக்கியது. பொம்மை நிறுவனங்கள் பலவும் மறுத்த பிறகு, இங்கிலாந்தின் இன்விக்டா பிளாஸ்டிக்ஸ் நிறுவனம் அதை வெளியிட்டது. பலகையில் நான்கு துளைகள். ஆறு நிறங்களில் முளைகள். ஒருவர் நான்கு முளைகளை மறைத்து வைப்பார். மற்றவர் ஊகித்து அடுக்குவார். நிறமும் இடமும் சரியானால் ஒரு கருப்பு முளை. நிறம் மட்டும் சரியாகி இடம் தவறினால் ஒரு வெள்ளை முளை. இந்தக் குறிப்புகளைக் கொண்டு சிந்தித்துச் சிந்தித்து விடையை நெருங்க வேண்டும். மொத்தம் 1,296 வரிசைகள் உண்டு. முறையாகச் சிந்தித்தால் எந்த வரிசையையும் ஐந்து முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று கணினி அறிஞர் டொனால்டு நூத் 1977இல் மெய்ப்பித்தார்.

நிறங்களின் இடத்தில் எழுத்துகளை வைத்தால் அதுவே சொற்புதிர் ஆகிவிடுகிறது. ஜோஷ் வார்டில் என்னும் நிரலாளர் 2021 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ‘வேர்டில்’ அத்தகையதுதான். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல், ஆறு வாய்ப்புகள். இடம் சரியான எழுத்துக்குப் பச்சை; சொல்லில் வேறிடத்தில் இருக்கும் எழுத்துக்கு மஞ்சள்; இல்லாத எழுத்துக்குச் சாம்பல். 2021 நவம்பர் 1ஆம் நாள் அதை விளையாடியவர்கள் 90 பேர். 2022 சனவரி 2ஆம் நாள் 300,000 பேருக்கும் மேல்!

எண்ணிப் பாருங்கள். பரிசு இல்லை. விளம்பரம் இல்லை. பெயர் பதிய வேண்டியதில்லை. பிறகு ஏன் இத்தனை பேர் வந்தார்கள்?

என் பார்வையில் காரணங்கள் மூன்று. ஒன்று, நாளுக்கு ஒரே ஒரு புதிர். இன்னொன்று வேண்டுமானால் நாளை வரை காத்திருக்க வேண்டும். இரண்டு, உலகம் முழுவதும் அன்றைக்கு ஒரே சொல். ஆகவே யாரோடும் அதைப் பற்றிப் பேசலாம். மூன்று, 2021 டிசம்பரில் சேர்க்கப்பட்ட ஏற்பாடு: விடையை வெளியிடாமல், தாம் எப்படி விடையை நெருங்கினோம் என்பதை மட்டும் வண்ணக் கட்டங்களாகப் பிறருக்கு அனுப்பலாம். இம்மூன்றும் சேர்ந்து, இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடிய பலகைப் புதிரை ஓர் ஊரே கூடி ஆடும் விளையாட்டாக மாற்றின. மூன்றுமே கட்டுப்பாடுகள் என்பதைக் கவனியுங்கள். அளவோடு நின்றதால்தான் அது வளர்ந்தது.

இப்பொழுது நம் கதைக்கு வருவோம்.

நம் பிள்ளைகள் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாக இருக்கிறார்கள். ஆறாம் ஆண்டு முடிந்ததும் ஆளுக்கொரு திசையாக இடைநிலைப்பள்ளிகளுக்குச் சிதறுகிறார்கள். அங்கே தமிழ் வகுப்பு வேண்டுமென்றால், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். கேட்டாலும் ஆசிரியர் கிடைக்க வேண்டும். கால அட்டவணையில் இடம் கிடைக்க வேண்டும். படிவம் 1இல் பாதிப் பேர் ஒரு பள்ளி, மீதிப் பேர் வேறு பள்ளிகள். தமிழில் பேசிச் சிரித்த நட்பு வட்டம் ஒரே விடுமுறையில் கலைந்துபோகிறது. ஆறாண்டு உழைப்பு அந்த இடத்தில்தான் வடிகிறது என்பது ஆசிரியராகிய நமக்குத் தெரியும்.

அப்படிச் சிதறிய பிள்ளைகளுக்கு, நாள்தோறும் காலையில் ஒரே தமிழ்ச்சொல் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளானில் இருப்பவனும் சிரம்பானுக்குப் போய்விட்டவளும் அன்றைக்கு அதே சொல்லைத் தேடுகிறார்கள். இரவில் புலனத்தில் வண்ணக் கட்டங்களை அனுப்பிக்கொள்கிறார்கள். “எனக்கு நான்காவதில் கிடைத்தது, உனக்கு?” என்கிறார்கள். மூன்று நிமிட வேலை. ஆனால், கலைந்துபோன வகுப்பு அந்த மூன்று நிமிடத்தில் மீண்டும் கூடுகிறது. இந்த விளையாட்டின் முழுப் பயனும் இதுதான் என்பேன்.

இதைப் பள்ளிகளுக்கிடையே போட்டியாக்கினால் என்ன ஆகும்?

முதலாவது, படிவம் 1க்குப் போன பிள்ளைக்கு அதில் இடமே இருக்காது. அவன் எந்தத் தமிழ்ப்பள்ளியின் கணக்கில் சேர்வான்? யாருக்கு இந்த விளையாட்டு மிகவும் தேவையோ அவனையே முதல் நாளில் வெளியே நிறுத்திவிடுகிறோம்.

இரண்டாவது, நொடிக் கணக்கு என்பது அறிவின் கணக்கன்று, கைப்பேசியின் கணக்கு. 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பிறகு, இணையவழி வகுப்பில் நாம் கண்டதை அதற்குள் மறந்துவிட்டோமா? வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதற்கு மூன்று பிள்ளைகள். அப்பா வேலை முடிந்து வந்தால்தான் பாடம். அந்தப் பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு விடை கண்டால், காலை ஏழு மணிக்கே சொந்தக் கைப்பேசியில் விடை கண்ட பிள்ளையைவிடத் தாழ்ந்தவனா? நாளுக்கு ஒரு சொல் என்ற விதியில் இருவரும் சமம். நள்ளிரவு வரை கதவு திறந்தே இருக்கிறது. தரவரிசை வந்த அன்றே அந்தக் கதவு மூடப்படுகிறது.

மூன்றாவது, பரிசு என்று வந்துவிட்டால் பிள்ளைக்காகப் பெற்றோர் விளையாடுவார்கள். பள்ளிக்காக ஆசிரியர் விளையாடுவார். விடை காலையிலேயே புலனக் குழுவில் சுற்றும். இதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டபோது, “இனியாவது பிள்ளைகள் மகிழ்ச்சியாகக் கற்கட்டும்” என்று நம்மில் பலர் எழுதினோம், பேசினோம். தேர்வு போய்விட்டது. ஆனால், எதைக் கண்டாலும் அதில் ஒரு மதிப்பெண் பட்டியலைத் தேடும் கண் மட்டும் நம்மைவிட்டுப் போகவில்லை!

“போட்டி இல்லாவிட்டால் மாணவர்கள் ஆர்வம் காட்டமாட்டார்கள்” என்பார்கள். 90 பேர் இரண்டு மாதத்தில் 300,000 பேரான கதையை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். அதற்கும் மேலே, நம் பாட்டிமார் விடுகதை போட்டபோது எந்தக் கோப்பையை வைத்திருந்தார்கள்? தொல்காப்பியம் விடுகதையைப் ‘பிசி’ என்று பெயரிட்டு இலக்கிய வகைகளுள் ஒன்றாகவே எண்ணியது. புதிர் தரும் இன்பமே புதிருக்குப் பரிசு. வேறு பரிசு வைத்தால், பிள்ளை புதிரை மறந்து பரிசைப் பார்க்கத் தொடங்கும்.

போட்டிக்காரர்களோடு எனக்குள்ள வழக்கு இது. இன்னொரு வழக்கும் உண்டு. அது ஆங்கில விளையாட்டை அப்படியே படியெடுத்துத் தமிழ் என்று பெயர் சூட்டுவோர் மீது.

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? முதலாம் ஆண்டு மாணவனைக் கேளுங்கள். த, மி, ழ் என விரல்விட்டு எண்ணி மூன்று என்பான். கணினியைக் கேளுங்கள். அது ஐந்து என்னும்! ஒருங்குறி முறையில் தகரம் ஒன்று, மகரம் ஒன்று, இகரக் குறியீடு ஒன்று, ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று என ஐந்து குறிகளாக அது சேமிக்கப்பட்டிருக்கிறது. ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. ‘கொக்கு’ நமக்கு மூன்று, கணினிக்கு ஆறு. ஆங்கில விளையாட்டின் நிரலை எடுத்து, ஆங்கிலச் சொற்பட்டியலுக்குப் பதில் தமிழ்ச் சொற்பட்டியலைப் போட்டால், ஒரு கட்டத்தில் வெறும் புள்ளி நிற்கும். மற்றொரு கட்டத்தில் கொம்பு மட்டும் நிற்கும். உயிரும் மெய்யும் கூடியதால் அதற்கு உயிர்மெய் என்று பெயரிட்டார்கள் நம் முன்னோர். உயிரை ஒரு கட்டத்திலும் மெய்யை ஒரு கட்டத்திலும் பிரித்துப் போட்டுவிட்டு, “பிள்ளைகளே, தமிழ் கற்றுக்கொள்ளுங்கள்” என்றால் அதற்கு என்ன பெயர்?

இது கணினியின் குறையன்று. எழுத்தைச் சேமிப்பது ஒரு வேலை. எழுத்தை எண்ணுவது வேறு வேலை. குறிகளை ஒன்றுசேர்த்துத் தமிழ் எழுத்தாக எண்ணும் நிரல்கள் எப்பொழுதோ வந்துவிட்டன. ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற நிரல் தொகுப்பு அதைச் செய்கிறது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியது 1985இல். கணினியைத் தமிழுக்கு வளைத்த நாட்டில் இருந்துகொண்டு, தமிழைக் கணினிக்கு வளைப்பது நமக்கு அழகா?

எழுத்துக் கணக்கைச் சரிசெய்தால் மட்டும் போதாது. விதியையும் தமிழுக்கு ஏற்பச் செம்மைப்படுத்த வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247. ஐந்து ஆங்கில எழுத்துகளை அடுக்கும் வழிகள் 11,881,376. மூன்று தமிழ் எழுத்துகளை அடுக்கும் வழிகளோ 15,069,223! ஆகவே, நம் பிள்ளைகளுக்கு மூன்றெழுத்துச் சொல்லே தாராளம். ஐந்தெழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது ஆங்கிலச் சட்டையைத் தமிழ்க் குழந்தைக்கு மாட்டுவது போலாகும்.

அதோடு, பச்சை, மஞ்சள், சாம்பல் ஆகிய மூன்று நிறங்கள் நமக்குப் போதா. எடுத்துக்காட்டாக, விடை ‘பாடம்’ என்று கொள்வோம். பிள்ளை ‘படம்’ என்று ஊகிக்கிறது. ட, ம் இரண்டும் பச்சை. முதல் எழுத்து? ‘ப’ வேறு, ‘பா’ வேறு; எனவே சாம்பல் என்று காட்டினால், விடையில் பகரமே இல்லை என்று பிள்ளை நினைத்துவிடும். அது அநீதி. இங்கே நான்காவதாக நீல நிறம் ஒன்று வேண்டும். மெய் சரி, ஏறிய உயிர் வேறு என்பது அதன் பொருள். நீலத்தைக் கண்ட பிள்ளை ப, பா, பி, பீ என்று பகர வரிசையை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும். நெடுங்கணக்கை நாம் மனப்பாடம் செய்யச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளை, இங்கே தானாகவே ஓதும். மாஸ்டர்மைண்ட் பலகையில் கருப்பு, வெள்ளை என இரண்டு முளைகள். தமிழுக்கு இன்னொரு முளை. அவ்வளவுதான் மாற்றம்.

இன்னும் பாருங்கள். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. எந்த மெய்யும் சொல்லுக்கு முதலில் வாராது. மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று நாம் வெண்பலகையில் எழுதிப் போடும் இலக்கணம், இங்கே வெல்லும் வழியாகிவிடுகிறது. இரண்டாம் எழுத்து ‘ங்’ என்று தெரிந்துவிட்டால், அடுத்தது ககர வரிசைதான் என்று பிள்ளை துள்ளும்: சங்கு, பங்கு, நுங்கு! இன எழுத்தைப் பற்றி இதைவிடச் சிறந்த பாடம் உண்டா? ‘பல்லி’ என்று ஊகித்தவனுக்கு ப மட்டும் பச்சையாகி, மற்ற இரண்டும் சாம்பலானால், அவன் நிமிர்ந்து உட்கார்ந்து ‘பள்ளி’யை நினைப்பான். லகர ளகர வேறுபாட்டைச் சிவப்பு மையால் நூறு முறை திருத்தியும் நடக்காதது, ஒரு சாம்பல் கட்டத்தால் நடக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்து, சொற்களை யார் தேர்ந்தெடுப்பது? அகராதியைக் கணினிக்குக் கொடுத்து, “நீயே ஒன்று எடு” என்று விட்டுவிடலாமா? கூடவே கூடாது. வார்டிலிடம் ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்கள் இருந்தன. அவருடைய துணைவியார் பலக் ஷா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, மக்கள் அறிந்த ஏறத்தாழ 2,500 சொற்களாகச் சுருக்கினார். அந்த மனித உழைப்பு இல்லாவிட்டால் விளையாட்டு முதல் வாரத்திலேயே சலித்திருக்கும். நமக்கு அது இன்னும் தேவை. ‘மரத்தை’, ‘மரத்தில்’, ‘மரமே’ என்று ஒரே சொல் எத்தனையோ வடிவம் எடுக்கும் மொழி நம்முடையது. வேற்றுமை உருபு ஏற்காத பெயர்ச்சொல் மட்டுமே விடையாகும் என்பன போன்ற வரையறைகளை ஆசிரியர்தாம் வகுக்க வேண்டும்.

இது பெரிய சுமை என்று அஞ்ச வேண்டா. ஆண்டுக்கு 365 சொற்கள். பத்து ஆசிரியர்கள் முன்வந்தால் ஆளுக்கு 37 சொற்கள். ஆறாண்டில் ஒரு பிள்ளை 2,190 சொற்களைச் சந்தித்திருக்கும். பாடநூற்சொற்கள் இருக்கட்டும், அவற்றோடு முறம், உரல், அம்மி, திருகை ஆகியவையும் இருக்கட்டும். அந்த நாள்களில் பிள்ளைக்கு விடை தெரியாது. தோட்டத்து வீட்டில் வாழ்ந்த பாட்டிக்குத் தெரியும். “பாட்டி, ‘தி’ என்று தொடங்கும், மூன்று எழுத்து” என்று பேரன் கேட்கப் போகும் மாலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ் குறைந்துவருகிறது என்று புலம்புகிறோமே, வீட்டில் தமிழ் பேசுவதற்கு ஒரு காரணத்தையாவது நாம் கொடுத்தோமா?

“ஏற்கெனவே பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக இருக்கிறார்கள், நீங்கள் வேறு தூண்டிவிடுகிறீர்களா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அதற்கு என் விடை: கைப்பேசியை விடாமல் பிடிக்கவைப்பவை முடிவே இல்லாத விளையாட்டுகள். இதுவோ மூன்று நிமிடத்தில் தானே முடிந்து, “நாளை வா” என்று அனுப்பிவிடுவது. நாளுக்கு ஒன்று என்ற விதியைப் பாதுகாக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வேர்டிலை நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் 2022 சனவரி இறுதியில் வாங்கியது. 2024இல் பழைய புதிர்களின் தொகுப்பைத் தன் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டது. வணிகத்துக்கு அது சரியாக இருக்கலாம். நமக்கு விற்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே, இன்னும் இன்னும் என்று இழுக்க வேண்டிய தேவையும் இல்லை.

கைப்பேசியே இல்லாமலும் இதை ஆடலாம். காலையில் வருகைப் பதிவு எடுக்கும் வேளையில், வகுப்பின் வெண்பலகையில் மூன்று கட்டங்கள் வரையுங்கள். வகுப்பு முழுவதும் கூடி ஊகிக்கட்டும். நான்கு வண்ண எழுதுகோல்கள் போதும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் ‘மொழி விளையாட்டு’ என்று நாம் படித்துவிட்டு வந்தோமே, அதற்கு இதைவிட எளிய வடிவம் கிடையாது. அதே சொல்லை அன்றைக்கு இணையத்திலும் வைத்தால், வகுப்பில் கூடியவர்களும் வகுப்பைவிட்டுப் போனவர்களும் ஒரே கோட்டில் நிற்பார்கள்.

எனவே, இம்முயற்சியில் இறங்கும் நண்பர்களிடம் நான் வேண்டுவன இவைதாம்:

1. எழுத்தைத் தமிழ் முறையில் எண்ணுங்கள். புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கட்டம் கொடுக்காதீர்கள்.

2. நாளுக்கு ஒரே சொல். எல்லாருக்கும் அதே சொல். நொடிக் கணக்கு வேண்டா, தரவரிசை வேண்டா.

3. மெய் ஒன்றி உயிர் வேறுபடும் இடத்தைக் காட்ட நான்காம் நிறம் வேண்டும்.

4. சொற்களை ஆசிரியர்கள் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பெயர் பொறுப்பேற்கட்டும்.

5. பெயர்ப் பதிவும் விளம்பரமும் இல்லாமல் திறந்துவையுங்கள். படிவம் 1 மாணவனும், வேலைக்குப் போகும் அக்காவும், பாட்டியும் உள்ளே வரட்டும்.

போட்டிகள் நடத்த நமக்கு வேறு மேடைகள் நிறையவே உண்டு. செய்யுள் ஒப்புவித்தல், பேச்சு, கதை கூறுதல் என ஆண்டு முழுவதும் நடத்துகிறோம்; அவற்றுக்கு நான் பகைவன் அல்லேன். மாணவர்களை அழைத்துக்கொண்டு நானும் போகிறேன். ஆனால், எல்லாவற்றையும் மேடையேற்ற வேண்டும் என்பதில்லை. சில காரியங்கள் திண்ணையில் நடந்தால்தான் நிலைக்கும். மேடையில் மூவருக்குப் பரிசு; திண்ணையில் எல்லாருக்கும் இடம்.

ஆசிரியர்களே, உங்களில் 37 சொற்களைத் தர யார் முன்வருகிறீர்கள்? பெற்றோர்களே, நாளுக்கு மூன்று நிமிடம் பிள்ளையோடு அமர்ந்து ஊகிக்க நீங்கள் ஆயத்தமா? உங்கள் விடையை எதிர்பார்க்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்; பேசித் தெளிவோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்